ஸ்டெனா ஒலிம்பிகா முதல் ஸ்கோஷியா பிரின்ஸ் வரை: தூத்துக்குடிக்கு வந்த கார் ஃபெர்ரியின் நாற்பது வருஷம்

முத்துநகர்வாசி:

2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பியதே ஸ்கோஷியா பிரின்ஸ், நினைவிருக்கிறதா? அப்போதைய மத்தியக் கப்பல் துறை அமைச்சர் ஜி.கே. வாசன் தொடங்கிவைத்தார். நவம்பர் மாதத்தோடு சேவை நின்றுபோனது. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பழைய ஓட்டைக் கப்பலைக் கொண்டுவந்து தலையில் கட்டிவிட்டார்கள்."

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்தக் கப்பல் நாற்பது வருஷம் உழைத்த கப்பல். எந்தெந்தக் கைக்குப் போனது, ஒவ்வொருவரும் அதை வைத்து எப்படிச் சம்பாதித்தார்கள் என்று பார்த்தால், தூத்துக்குடியில் ஏன் ஓடவில்லை என்பதும் தானாகத் தெரியும்.

கட்டியது யூகோஸ்லாவியாவில், இன்றைய குரோஷியாவின் கிரால்யெவிட்சா கப்பல்கட்டும் தளத்தில். 1972இல் ஸ்வீடனின் ஸ்டெனா லைன் வாங்கி ஸ்டெனா ஒலிம்பிகா என்று பெயர் வைத்தது. தடம் ஸ்வீடனின் கோதன்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கீல் வரை, ஒரு இரவுப் பயணம். கார்களும் லாரிகளும் கீழ்த்தளத்தில் ஓட்டி ஏற்றப்படும். மேலே கேபின், உணவகம், வரியில்லாக் கடை. ஸ்வீடனில் மதுவுக்கு வரி மிக அதிகம் என்பதால் அந்தக் கடைக்கென்றே பயணம் செய்தவர்கள் உண்டு. டிக்கெட் காசு மட்டும் வைத்து அந்த நாட்களில் ஸ்காண்டிநேவிய ஃபெர்ரிகள் பெரும்பாலும் ஓடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருவேன்.

1982இல் கை மாறியது. பிரின்ஸ் ஆஃப் ஃபண்டி குரூயிசஸ் என்ற நிறுவனம் வாங்கி ஸ்கோஷியா பிரின்ஸ் என்று பெயர் மாற்றி அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாண்டிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் யார்மவுத் வரை. சாலை வழியாகப் போனால் வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் காரை ஏற்றிவிட்டுப் படுத்தால் காலையில் யார்மவுத். இரவு போய்ப் பகலில் திரும்பும். அதிலும் டிக்கெட்டை மட்டும் நம்பவில்லை, கப்பலுக்குள் கேசினோ இருந்தது. கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டும் ஓட்டம், குளிர்காலத்தில் ஓய்வு அல்லது வாடகை. இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஒரே தடம். அதன் வாழ்நாளில் பாதிக்கு மேல் இங்கேதான் கழிந்தது. 1980களின் பிற்பகுதியில் கப்பலைக் குறுக்கே வெட்டி, நடுவில் புதுத்துண்டு சேர்த்து நீளமாக்கினார்கள். நஷ்டத்தில் ஓடும் கப்பலுக்கு யாரும் அந்தச் செலவு செய்ய மாட்டார்கள்.

2004 பருவத்தோடு அது நின்றது. அப்போதும் கப்பல் பழுதாகவில்லை. போர்ட்லாண்டின் பயணிகள் முனையக் கட்டடத்தில் பூஞ்சை படர்ந்திருப்பதாகச் சொல்லி நிறுவனத்துக்கும் நகராட்சிக்கும் தகராறு முற்றியது, 2005இல் கப்பல் வரவே இல்லை.

பிறகு நிரந்தரத் தடம் இல்லை. கத்ரீனா புயலுக்குப் பிறகு லூசியானா மாநிலத்தில் மிதக்கும் தங்குமிடமாகக் கட்டிப்போட்டிருந்தார்கள். 2011 பிப்ரவரியில் லிபியாவில் சண்டை வெடித்தபோது இந்திய அரசு இதே கப்பலை வாடகைக்கு எடுத்து, பெங்காசியில் மாட்டிக்கொண்ட நம்மவர்களை எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்குக் கொண்டுவந்தது. ஒரு நடைக்கு ஆயிரம் பேருக்கு மேல். அந்தக் கப்பல்தான் நான்கு மாதம் கழித்து நம் ஊருக்கு வந்தது. அதில் உயிர் தப்பி வந்தவர்களிடம் போய் யாரும் ஓட்டைக் கப்பல் என்று சொல்ல முடியாது.

கீழ்த்தளம்:

நல்ல பதிவு அண்ணே. நான் இந்தக் கப்பலில் வேலை பார்த்ததில்லை. ஆனால் மத்தியதரைக் கடல் பக்கம் இதே வயசுள்ள ரோ-ரோ (வண்டிகளே ஓடி ஏறி இறங்கும்) பயணிக் கப்பல்களில் ஏபியாக, அதாவது தளத்து வேலை பார்க்கும் மாலுமியாக, வருஷக்கணக்கில் இருந்தவன். கார் ஃபெர்ரி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதன் முதலாளிகளைப் பற்றிப் பேசினால் பாதிதான் புரியும், அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலும் கேபினும்தான் தெரியும். சம்பாதிக்கிற இடம் கீழே இருக்கிற வண்டித் தளம். முன்னாலிருந்து பின்வரை ஒரே கொட்டகை, நடுவில் குறுக்குச் சுவர் கிடையாது. கரையில் கட்டியதும் ராம்ப் என்ற சாய்தளம் இறங்கும், வண்டிகள் ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்கும். கிரேன் வேண்டாம், சுமை தூக்குபவர் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் காலி பண்ணி நிரப்பிவிட்டுத் திரும்பலாம். அந்த வேகம்தான் லாபம்.

நம் வேலை லாஷிங், அதாவது வண்டிகளை நகராமல் கட்டுவது. தரையில் வரிசையாக இரும்பு வளையம் பதித்திருக்கும். லாரி வந்து நின்றதும் டிரைவர் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுப்பார், நாம் சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, நான்கு மூலைக்கும் சங்கிலி மாட்டி, லிவர் போட்டு இறுக்க வேண்டும். காருக்குச் சங்கிலி கிடையாது, பட்டை. அடுத்த லாரிக்கும் இதற்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்தால்தான் போக முடியும். புகைபோக்கிக் காற்றாடி என்னதான் சுற்றினாலும் டீசல் புகை கண்ணை எரிக்கும். வானிலை அறிக்கை மோசமென்றால் மாலுமிகளின் மேஸ்திரியான போசன் மறுபடி ஒரு சுற்று வந்து ஒவ்வொரு சங்கிலியையும் காலால் உதைத்துப் பார்ப்பார். தொங்கினால் அங்கேயே நிற்க வைத்து இறுக்கச் சொல்வார்.

அந்தத் தளம் நிரம்பினால் கப்பல் பிழைக்கும். தூத்துக்குடி–கொழும்பு அறிவிக்கப்பட்டதே பயணிகள் சேவையாக. அங்கே கீழ்த்தளத்துக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? வண்டி ஏற்றுவதற்கென்றே கட்டிய கப்பலை ஆள் ஏற்ற மட்டும் ஓட்டினால், சம்பாதிக்கிற பாகத்தைக் காலியாகச் சுமந்துகொண்டு போகிறோம் என்று அர்த்தம். ஏறினாலும் ஏறாவிட்டாலும் எண்ணெய் ஏறத்தாழ அதேதான் எரியும்.

வெள்ளவத்தை:

நானும் அம்மாவும் கொழும்பிலிருந்து அந்தக் கப்பலில் தூத்துக்குடிக்குப் போனோம் அண்ணா. அம்மா சின்ன வயதில் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் போனவர். சண்டை தொடங்கின பிறகு அந்தப் பாதை மூடப்பட்டுவிட்டது. அதனால் திரும்பவும் கடல் வழியாகப் போகிறோம் என்பதே அவருக்குப் பெரிய விசயம். இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை, தளத்தில் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

கப்பல் வசதிக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். கேபின் துப்புரவு, சாப்பாட்டு மண்டபம் பெரிசு. ஆனால் ஆக்கள் இல்லை. ஆயிரத்துக்கு மேல் சனம் கொள்ளும் கப்பலில் அத்தனை மேசையும் வெறுமையாகக் கிடந்ததைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. வந்தவர்களிலும் பாதிப்பேர் சாமான் கொண்டுபோகிற யாபாரிகள். புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்களுக்குப் பிளேனை விடக் கப்பலில் கூடச் சாமான் கொண்டுவரலாம் என்பதுதான் கணக்கு.

மற்றவர்கள் ஏன் வருவார்கள்? கொழும்பிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ பிளேனில் ஒரு மணித்தியாலம் சொச்சம். கப்பலில் ஒரு இரவு, அதற்கு முன்னும் பின்னும் சுங்கத்திலும் குடிவரவிலும் வரிசை. டிக்கெட் விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருந்தால் ஒழிய, அவசரமுள்ளவன் பிளேனைத்தான் பார்ப்பான். எங்களைப் போல கடலுக்காகப் போகிறவர்கள் கொஞ்சப்பேர்தான்.

சரக்குப்பட்டியல்:

ஏஜென்சி ஆபீசில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் ஒரு விஷயம். எல்லாரும் முதலாளி முதலாளி என்கிறீர்கள். பெயருக்கு ஒரு முதலாளி, ஓட்டுவது வேறொருவர் என்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். ஸ்கோஷியா பிரின்ஸ் கடைசி வருஷங்களில் முழுக்க வாடகைக் கப்பல். கொழும்புச் சேவையை நடத்தியது ஃப்ளெமிங்கோ லைனர்ஸ்.

இப்படிப்பட்ட வாடகையில் முக்கியமாக இரண்டு வகை. பேர்போட் என்றால் வெறும் கப்பலை எடுத்துக்கொண்டு ஆள், எண்ணெய், காப்பீடு எல்லாம் எடுப்பவர் பொறுப்பு. டைம் சார்ட்டர் என்றால் கப்பலும் ஆட்களும் முதலாளியுடையது, எடுப்பவர் நாள் வாடகையும் எண்ணெய்ச் செலவும் துறைமுகக் கட்டணமும் கொடுப்பார். எந்த வகையானாலும் எண்ணெய்க் காசு எடுத்தவர் தலையில். பயணிகள் வரவில்லை என்றால் முதலில் பாக்கி விழுவதும் எண்ணெய்க் கடைக்காரரிடம்தான். இந்தக் கப்பலுக்கும் நடந்தது அதுதான். எரிபொருள் பாக்கி வழக்கில் கொழும்பு நீதிமன்ற உத்தரவின்படி கப்பலைத் தடுத்து வைத்தார்கள்.

ஆளைப் பிடிக்காமல் கப்பலைப் பிடிப்பது ஏன் என்று கேட்பீர்கள். கடல் சட்டத்தில் கப்பலின் மீதே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது, ஆபீஸ் எங்கே என்று தேடி அலைய வேண்டாம். கப்பல் துறையில் நிற்கிறது, வழக்குப் போட்டவரின் கண் முன்னால் நிற்கிற ஒரே சொத்து அது. பல கைகள் மாறிய கப்பல்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது மாலுமிகள், சம்பளமும் வராது, இறங்கவும் முடியாது. பழங்கப்பல் என்று திட்டுகிறவர்கள் அவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

தென்பாண்டி:

எல்லாம் சரி. ஆனால் பழைய ஃபெர்ரி என்றால் மக்கள் பயப்படுவதில் நியாயம் இல்லையா? கொரியாவின் சேவோல் என்ன ஆனது? அதுவும் கை மாறிய கப்பல்தான். எஸ்டோனியாவும் அப்படித்தான். அடுத்தவர் ஓட்டிக் கழித்ததை வாங்கி ஓட்டுவது எங்கே முடிகிறது என்று பார்த்தோமே.

முத்துநகர்வாசி:

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். இரண்டையும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

சேவோல் 1994இல் ஜப்பானில் கட்டப்பட்டது, பெயர் ஃபெர்ரி நாமினோவே. ககோஷிமாவிலிருந்து ஒக்கினாவாவுக்கு 18 வருஷம் ஒழுங்காக ஓடியது. 2012இல் கொரியாவின் சோங்ஹேஜின் மரைன் வாங்கியது. வாங்கியதும் மேல்தளங்களின் பின்பகுதியில் கூடுதலாகப் பயணி அறைகள் கட்டினார்கள். எடை மேலே போனது, கப்பலின் ஈர்ப்பு மையம் உயர்ந்தது. மாற்றிய கப்பல் நிலையாக நிற்க வேண்டுமென்றால் சரக்கு 987 டன்னைத் தாண்டக்கூடாது, கப்பல் சாயாமல் இருக்க அடித்தொட்டிகளில் நிரப்பும் நிலைநீர் கூடுதலாக இருக்க வேண்டும் என்று தரச்சான்று அமைப்பு வரம்பு போட்டது. 2014 ஏப்ரல் 16 அன்று இன்சியோனிலிருந்து ஜேஜு தீவுக்குப் போனபோது அதில் இருந்த சரக்கு 2,142 டன். சரக்கை ஏற்ற இடம் வேண்டும் என்று நிலைநீரைக் குறைத்திருந்தார்கள். லாஷிங்கும் சரியில்லை. ஒரு திருப்பத்தில் சாய்ந்தது, சரக்கு ஒரு பக்கமாகச் சரிந்தது, திரும்ப நிமிரவே இல்லை. 476 பேரில் 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். "அறையிலேயே இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள்.

இதில் கப்பலின் வயசு எங்கே வருகிறது? அதே கப்பல், அதே இரும்பு, ஜப்பானில் 18 வருஷம். கொரியாவில் ஓட்டத் தொடங்கி ஒரு வருஷம் சொச்சத்தில் முடிந்தது. கொன்றது மாற்றமும் பேராசையும், அதைக் கண்டும் காணாமல் விட்ட கண்காணிப்பும்.

எஸ்டோனியா வேறு கதை. 1980இல் ஜெர்மனியின் பாபென்பர்க்கில் மையர் தளத்தில் கட்டியது. முதலில் வைக்கிங் சாலி, 1990இல் சில்யா ஸ்டார், 1991இல் வாசா கிங், 1993இல் எஸ்டோனியா. 14 வருஷத்தில் நான்கு பெயர். முதலில் ஓடியது பின்லாந்தின் துர்க்குவிலிருந்து மரியஹாம்ன் வழியாக ஸ்டாக்ஹோமுக்கு, பெரும்பாலும் தீவுக்கூட்டங்களுக்கு நடுவே அடக்கமான நீரில். கடைசித் தடம் தாலின்–ஸ்டாக்ஹோம், திறந்த பால்டிக் கடல். 1994 செப்டம்பர் 28 இரவு புயலில் முன்மூக்குக் கதவின் பூட்டுகள் அலை அடிக்கு உடைந்தன. கதவு பிய்ந்து போகும்போது உள்ளே இருந்த ராம்ப்பையும் இழுத்துத் திறந்தது. 989 பேரில் 852 பேர் போனார்கள். இங்கே முதலாளி மாறியதோடு கடலும் மாறியிருக்கிறது. அந்தப் பூட்டு எந்த அலைக்குத் தாங்கும் என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அதனால் என் பதில்: "எத்தனை வயசு" என்று கேட்பதை விட "கடைசியாக வாங்கியவர் அதில் என்ன மாற்றினார், எந்தக் கடலுக்குக் கொண்டுவந்தார்" என்று கேளுங்கள்.

கீழ்த்தளம்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் முதலில் சொன்ன குறுக்குச் சுவர் இல்லாத கொட்டகைதான் இந்தக் கப்பல்களின் பலமும் பலவீனமும். அதற்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறினாலே போதும், கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மொத்தத் தண்ணீரும் ஓடும், இன்னும் சாய்க்கும். 1987இல் பெல்ஜியத்தின் ஸீப்ரூகே துறைமுகத்துக்கு வெளியே ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் முன்கதவைச் சாத்தாமலேயே கிளம்பி, நிமிஷங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். அது 1980இல் கட்டிய கப்பல், ஏழு வயசுதான்.

ஸ்கோஷியா பிரின்ஸை வெட்டி நீட்டினார்கள் என்று படித்ததும் தென்பாண்டி அண்ணன் யோசிக்கலாம், இதுவும் மாற்றம்தானே என்று. நீட்டுவது வேறு. நடுத்துண்டு சேர்க்கும்போது கப்பலின் மிதக்கும் திறனும் சேர்ந்து கூடுகிறது. சேவோலில் நடந்தது மிதக்கும் திறன் கூடாமல் தலையில் மட்டும் பாரம் ஏற்றியது. முறையான தளத்தில் கணக்குப் போட்டு நீட்டிய கப்பல்கள் பல பத்து வருஷம் ஓடியிருக்கின்றன, இதுவும் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

தென்பாண்டி:

ஒத்துக்கொள்கிறேன், பயம் வேறு காரணம் வேறு. அப்படியென்றால் யார்மவுத்காரர்கள் நன்றாக ஓடிய கப்பலை விட்டுவிட்டு என்ன செய்தார்கள்?

முத்துநகர்வாசி:

கேட்டது நல்லதாயிற்று. 2006 முதல் தி கேட் என்ற அதிவேகப் படகு போர்ட்லாண்டிலிருந்து ஓடியது. நோவா ஸ்கோஷியா மாகாண அரசு மானியத்தை நிறுத்தியதும் 2009 பருவத்தோடு அதுவும் நின்றது. யார்மவுத் விடுதிகளும் கடைகளும் படுத்துவிட்டன. மறுபடி மானியம் கொடுத்து 2014இல் நோவா ஸ்டார் என்ற கப்பலைக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்காகக் கட்டி, அவர்கள் வேண்டாமென்று விட்டதால் சும்மா நின்ற கப்பல் அது. இரண்டே பருவம். பிறகு அது போலந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஓடப்போனது, ஆளும் சரக்குமாக. 2016 முதல் மறுபடி தி கேட், மறுபடி மானியம்.

இதில் நமக்கு வேண்டியது இருக்கிறது. கார் வைத்திருக்கும் பணக்கார நாட்டுச் சுற்றுலாத் தடத்துக்கே அரசு கை கொடுக்க வேண்டியிருந்தது. நாம் தூத்துக்குடியில் ஒரு தனியார் கம்பெனி சொந்தக் காசில் பெரிய கப்பலை ஓட்டி லாபம் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம். சின்னக் கப்பலாக, கீழ்த்தளத்தில் வெங்காயமும் காய்கறியும் லாரியோடு ஏற்றுகிற ஏற்பாட்டோடு, முதல் இரண்டு வருஷம் துறைமுகக் கட்டணத்தில் சலுகையோடு தொடங்கியிருந்தால் நின்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் இதே தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து ஓட்டியது. எதிராளி கட்டணத்தைத் தரைமட்டத்துக்குக் குறைத்தபோதும், ஊரே சேர்ந்து சுதேசிக் கப்பலில்தான் ஏறுவோம், சரக்குப் போடுவோம் என்று நின்றதால்தான் அது ஓடியது. அவரைச் சிறையில் போட்ட பிறகு அந்தப் பிடிப்பு தளர்ந்து, கம்பெனி கலைந்து, அதன் கப்பல்களான காலியோவும் லாவோவும் கைவிட்டுப் போயின. 2011இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்தோம். அதே வருஷம் வந்த கப்பலுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

சரக்குப்பட்டியல்:

லாரியோடு ஏற்றுவது என்றால் சொல்வது சுலபம். இந்திய லாரி கொழும்பில் இறங்கி ஓட வேண்டுமென்றால் இரண்டு நாட்டுக்கும் வாகன ஒப்பந்தம், காப்பீடு, சுங்க உத்தரவாதம் எல்லாம் வேண்டும். டிரெய்லரை மட்டும் ஏற்றி, அந்தப் பக்கம் அவர்கள் இழுவை வண்டி வந்து மாட்டிக்கொண்டு போவது நடைமுறைக்கு எளிது, ஐரோப்பாவில் தினமும் நடக்கிறது. அதற்கும் காகித வேலை முதலில், கப்பல் பிறகு.

வெள்ளவத்தை:

கடைசியாக அந்தக் கப்பலுக்கு என்ன ஆனது அண்ணா? அம்மா கேட்கிறார். இப்போது நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடுவதில் வாகனம் ஏற்றலாமா என்றும் கேட்கிறார், யாழ்ப்பாணத்தில் எங்களுக்குச் சொந்தம் இருக்கு.

முத்துநகர்வாசி:

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். ஸ்கோஷியா பிரின்ஸ் 2012இல் உடைப்புக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு பெயரில் எங்கும் ஓடவில்லை.

நாகைச் சேவை 2023 அக்டோபர் 14இல் செரியபாணி என்ற படகோடு தொடங்கியது. மழைக்காலம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் போகிறது, ஏறத்தாழ 150 பேர் கொள்ளும். ஆட்களும் அவர்கள் பைகளும் மட்டும்தான், வண்டி ஏற்ற முடியாது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் நிறுத்துவார்கள் என்பதால், அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் ஐப்பசிக்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.